மறுநாள் நிற்காத எழுத்து

ஒருவர் காலையில் செய்து வைக்கிற காரியம் ராத்திரியோடு அழிந்துபோய், மறுநாள் அதையே மறுபடியும் செய்யவேண்டியிருந்தால், அவர் அதைச் செய்தவரா, செய்யாதவரா? ஆரணி பஜாரில் ஒரு பட்டுக்கடையின் மெயில்களைப் பார்த்துக்கொண்டிருந்த ஹேமநாத்தை நினைத்தால் இந்தக் கேள்விதான் முதலில் வந்து நிற்கிறது. அவர் ஆழ்ந்து யோசிக்கிறவர் அல்ல. நல்ல மனிதர் என்று ஒரு வார்த்தையில் முடித்துவிட்டுப் போகவும் முடியாது. வீம்பு உண்டு, தன் பிழையை வேறொன்றின் தலையில் கட்டுகிற பழக்கமும் உண்டு. ஆனால் அந்தக் கேள்வியைத் தினமும் கையால் தொட்டுப் பார்த்தவர் அவர்.

தேசூர்ப் பக்கத்துச் சமணக் குடும்பம். நிலம் அண்ணன் தம்பிகளுக்குள் பிரிந்து துண்டானபின், போளூரில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் வைத்தார். கொஞ்ச காலம் நன்றாக நடந்தது. பிறகு தட்டச்சு கற்க வந்தவர்கள் எல்லாரும் கம்ப்யூட்டர் சென்டருக்குப் போய்விட்டார்கள். மெஷின்களை எடைக்குப் போட்டுவிட்டு வீட்டில் உட்கார்ந்திருந்த சமயத்தில்தான் மனைவி ரத்னாவதியின் தம்பி அறவாழி கூப்பிட்டார். ஆரணியில் அவருக்குப் பட்டுச்சேலைக் கடை. வெளியூர் வியாபாரிகள் இங்கிலீஷில் மெயில் அனுப்பத் தொடங்கியிருந்தார்கள். அறவாழிக்கு இங்கிலீஷ் ஓடாது. ஹேமநாத் ஒரே நிபந்தனை வைத்தார். மாதச் சம்பளம் வேண்டும். மச்சினன் சோற்றில் உட்கார்ந்திருக்கிறார் என்று எவன் வாயிலும் வரக்கூடாது.

அதற்குப் பிறகு கடையின் மூலையில் இருந்த மேஜையும் கம்ப்யூட்டரும் அவருடையவை. ஹூப்ளியிலிருந்து வரும் ஆர்டர், கொழும்பிலிருந்து வரும் விலை விசாரிப்பு, நிறம் மாறிப்போனது என்கிற புகார், எல்லாவற்றையும் படித்து அறவாழிக்குத் தமிழில் சொல்வார். அவர் சொல்வதை இங்கிலீஷில் அடித்து அனுப்புவார். கம்ப்யூட்டர் பொருத்த வந்தவரிடமே சொல்லி, அடியில் தன் பெயர் வரும்படி வைத்திருந்தார். விசைப்பலகையைக் குனிந்து பார்க்காமல் அடிக்கிறதைச் சேலை வாங்க வந்த பெண்கள் சில நேரம் நின்று வேடிக்கை பார்ப்பார்கள். அந்த நேரங்களில் அவர் கொஞ்சம் வேகமாகவே அடிப்பார்.

கண் போகத் தொடங்கியது சர்க்கரையால். வலது கண்ணில் நடுவிலே ஒரு கறுப்பு வந்து உட்கார்ந்துகொண்டது. இடது கண்ணில் எல்லாமே ஈரத்துணி வழியாகப் பார்ப்பது போல ஆனது. போனது போனதுதான், இருப்பதைக் காப்பாற்றிக்கொள்ளுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். இது ரத்னாவதிக்கு மட்டும் தெரியும். தம்பியிடம் சொல்லக்கூடாது என்று அவளிடம் கேட்டுக்கொண்டார். மெயில் படிக்க முடியாத ஹேமநாத்துக்குக் கடையில் வேலை இல்லை. வேலை இல்லாமல் வாங்குகிற சம்பளம், அவர் கணக்கில், பிச்சைக்குப் பக்கத்து வீடு.

வழி ஒன்று இருந்தது. மெயில் மென்பொருளின் அமைப்புகளுக்குள் போய் எழுத்தைப் பெரிதாக்கிக்கொள்ளலாம். தேதி, அளவு என்று தேவையில்லாத பத்திகளை மறைக்கலாம். கடிதம் திறக்கிற பகுதியை இடது கண்ணுக்குத் தோதாகத் தள்ளிவைக்கலாம். அவர் அதையெல்லாம் தானே தேடிக் கற்றுக்கொண்டார். செய்து முடித்ததும் கடிதங்கள் மறுபடி பேச ஆரம்பித்தன. ஆனால் மறுநாள் காலை கடைக்கு வந்து மெயிலைத் திறந்தால், எழுத்து பழையபடி எறும்பு ஊர்கிற அளவில் இருந்தது. அவர் வைத்தது ஒன்றுகூட நிற்கவில்லை. மறுபடி செய்தார். அடுத்த நாளும் போயிருந்தது.

யாரையாவது கூப்பிட்டுக் கேட்டிருக்கலாம். கேட்டால் எழுத்து எதற்குப் பெரிதாக வேண்டும் என்று கேட்பார்கள். அதனால் எல்லாருக்கும் முன்னால் கடைக்கு வந்து, தடவித் தடவி அமைப்புகளுக்குள் போய், அன்றைக்கான எழுத்தை அன்றைக்கு வைத்துக்கொண்டார். யாராவது மேஜைப் பக்கம் வந்தால் மெயிலைச் சுருக்கிவிட்டு வேறு எதையோ பார்ப்பதுபோல் இருப்பார். இப்படியே வருஷங்கள் போயின.

அந்தக் கடைக்கு இன்னொரு வழக்கம் உண்டு. அறவாழி இருட்டிய பிறகு சாப்பிடுகிறவர் அல்ல. வெளிச்சம் போட்டால் பூச்சி வந்து விழுந்து சாகும் என்று, கடையில் மாலை விளக்கும் ஏற்றமாட்டார். பஜாரில் மற்ற கடைகளுக்கு வியாபாரம் சூடு பிடிக்கிற நேரத்தில் இவர் எழுந்து, சாமி படத்தைப் பார்த்துக் கும்பிட்டு, வாசல் ஓரத்து மெயின் சுவிட்சைக் கீழே இழுத்துவிட்டு ஷட்டரை இறக்குவார். எதிர்க்கடை குணா தினமும் அதைப் பார்த்து, "நயினார் கடைக்கு சூரியன்தான்பா மேனேஜர்" என்பான். சமணர்களை அந்தப் பக்கம் நயினார் என்றுதான் சொல்வார்கள். அறவாழி சிரித்துக்கொண்டே ஸ்கூட்டரை உதைப்பார். அறவாழி கையில் சாவியை எடுத்தால், ஹேமநாத் மூக்குக்கண்ணாடியைப் பெட்டியில் வைத்துக்கொண்டு எழுந்துவிடுவார்.

அறவாழியின் மகன் ரிஷப்புக்குக் கல்யாணமாகி நிஷா வந்தாள். வந்தவாசிப் பெண், படித்தவள், சும்மா இருக்கத் தெரியாதவள். கடைக்கு வந்து ஒவ்வொன்றாகப் பார்த்தாள். மெயிலையெல்லாம் போனிலேயே பார்த்துக்கொள்ளலாமே என்று ஒருநாள் மாமனாரிடம் கேட்டாள். அறவாழி, "அது பெரிய மாமா வேலைம்மா" என்று மட்டும் சொன்னார். ஹேமநாத் காதில் அது விழுந்தது.

ஒருநாள் காலை அவர் வந்தபோது நிஷா அவருக்கு முன்பே வந்து, கூரியர் விவரம் பார்க்க அவர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். எழுந்து இடம் கொடுத்தவள் பக்கத்திலேயே நின்றாள். ஹூப்ளி வியாபாரிக்குச் சேலை அனுப்பவேண்டிய நாள்; நிற எண்ணைப் பார்த்துச் சொல்லுங்கள் என்றாள். அவளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுத்தைப் பெரிதாக்க அவருக்கு மனம் வரவில்லை. எறும்புகளைப் பார்த்தார். முப்பத்து மூன்று என்று சொன்னார். அது முப்பத்தெட்டு. அரக்கு நிறத்தில் போகவேண்டிய கல்யாணச் சேலைகள் மஞ்சளில் போய், முகூர்த்தத்துக்கு உதவாமல் திரும்பி வந்தன.

அறவாழி பெட்டியைப் பிரித்து, சேலைகளை ஒவ்வொன்றாக மடிப்புக் கலையாமல் அலமாரியில் அடுக்கினார். நிஷாதான், நீங்கள் படித்துத்தானே சொன்னீர்கள் என்று கேட்டாள். அவள் குரலில் கோபம்கூட இல்லை. ஹேமநாத்துக்கு அப்போது வாயில் வந்தது பொய் என்றும் சொல்லமுடியாது, உண்மை என்றும் சொல்லமுடியாது.

"இந்த மெயில்தாம்மா பேஜார் பண்ணிகினு இருக்குது. நான் எப்படி வெச்சாலும் மறுநாள் நிக்கமாட்டேங்குது."

அப்படியானால் சரி செய்துவிடலாம் என்று அவள் அன்புச்செல்வனைக் கூப்பிட்டாள்.

அன்புச்செல்வன் சந்தவாசல்காரர். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் கம்ப்யூட்டர் பழுதுபார்க்கும் கடை. என்ன நிற்கவில்லை என்று கேட்டார். எழுத்து என்று ஹேமநாத் சொல்லவில்லை. பத்திகளை மாற்றினால் நிற்கவில்லை என்றார். அன்புச்செல்வன் ஒரு பத்தியை மறைத்தார், மெயிலை மூடினார், திறந்தார். மறைத்தது மறைந்தேதான் இருந்தது. கம்ப்யூட்டரையே அணைத்துப் போட்டுப் பார்த்தார். அப்போதும் சரியாக இருந்தது. மாற்றியதைப் பழையபடி வைத்துவிட்டு, குறை ஒன்றும் இல்லையே என்று சொல்லிக் கிளம்பினார்.

அவர் போனபிறகு, மெஷினில் குறை இல்லையென்றால் குறை எங்கே என்று யாரும் கேட்கவில்லை. கேட்காததே ஹேமநாத்துக்கு நன்றாகக் கேட்டது. அன்று மதியம் எல்லாரும் சாப்பிடப் போனபோது எழுத்தைப் பெரிதாக்கி வைத்தார். மறுநாள் காலை போயிருந்தது. தனக்குத்தான் மறதியோ, வைத்ததாக நினைத்துக்கொண்டு வைக்காமலே போகிறோமோ என்று அவருக்கே சந்தேகம் வந்தது. கண்ணுக்கு அடுத்தது புத்தி என்றால், பிறகு மிச்சம் என்ன இருக்கிறது?

அந்தப் பயத்தில்தான் அன்புச்செல்வனை மறுபடி கூப்பிடச் சொன்னார். இந்தத் தடவை அன்புச்செல்வன் மெனக்கெட்டுப் பார்த்தார். அமைப்புகள் எழுதப்படுகிற கோப்பு பூட்டியிருக்கிறதா என்று பார்த்தார். குப்பை துடைக்கிற மென்பொருள் ஏதாவது சேர்த்துத் துடைக்கிறதா என்று பார்த்து, இருந்த ஒன்றை நீக்கினார். புதிதாக ஒரு மெயில் கணக்கு தொடங்கிச் சோதித்தார். எல்லாம் ஒழுங்கு. நிஷா காபி கொடுத்தாள். பேச்சு நீண்டது, வெயில் தாழ்ந்தது. அறவாழி எழுந்தார், சாமி படத்தைக் கும்பிட்டார், சுவிட்சை இழுத்தார். திறந்திருந்த மெயில் அப்படியே இருண்டது.

அன்புச்செல்வன் சிறிது நேரம் இருண்ட திரையைப் பார்த்தார். பிறகு சிரித்துவிட்டார்.

"இன்னா சார் இது, தினமும் இப்படித்தான் ஆஃப் பண்றீங்களா?"

தினமும் அப்படித்தான். மேஜைக்கடியில் மின்சாரம் போனால் தாங்குகிற பெட்டி ஒன்று இருந்தது. அதன் பேட்டரி செத்து வெகு காலம். அந்த மென்பொருள் தன் அமைப்புகளை எழுதிவைப்பது முறைப்படி மூடும்போதுதான் என்று அன்புச்செல்வன் விளக்கினார். தான் சோதித்தபோதெல்லாம் மூடித் திறந்து பார்த்ததால், சோதனையே குறையை மறைத்துவிட்டது என்றார். நீங்கள் ஒருநாளாவது மெயிலை மூடியிருந்தால் நின்றிருக்குமே, ஏன் மூடவில்லை என்று ஹேமநாத்தைக் கேட்டார்.

மூடினால் வருகிற கடிதம் திரும்பிப் போய்விடும் என்று அவர் நினைத்திருந்தார். கடை திறந்திருக்கிறவரை அதுவும் திறந்திருக்கவேண்டும் என்று கணக்கு. இத்தனை வருஷமும் அந்தக் கணக்கை யாரிடமும் கேட்டுச் சரிபார்க்கவில்லை. கேட்டிருந்தால் ஒரு நிமிஷத்து வேலை.

அறவாழி அதிசயமாக, சுவிட்சை மறுபடி மேலே தூக்கினார். இப்போதே செய்துவிடலாம், ஜல்தி என்றார். அன்புச்செல்வன் மெயிலைத் திறந்து, உங்களுக்கு எப்படி வேண்டுமோ சொல்லுங்கள் என்றார். ஹேமநாத் கொஞ்சம் தயங்கினார். பிறகு சொன்னார்.

"எழுத்து."

அன்புச்செல்வன் அளவை ஒரு படி ஏற்றினார். போதுமா என்று கேட்டார்.

"இன்னும்."

மறுபடி ஏற்றினார். இன்னும் என்றார். அறவாழி அக்கா புருஷனின் முகத்தைப் பார்த்தார். நிஷா திரையைப் பார்த்தாள். ஒவ்வொரு படியாக எழுத்து வீங்கியது. ஒரு வரி இரண்டானது, இரண்டு நாலானது. வாசலில் இருந்து படிக்கலாம் என்கிற அளவு வந்தபோது திரையில் நாலைந்து வார்த்தைகள்தான் இருந்தன.

"போதும்" என்றார் ஹேமநாத்.

அன்புச்செல்வன், இரண்டு விசைகளைச் சேர்த்து அழுத்தினால் மெயில் மூடிக்கொள்ளும் என்று காட்டிக்கொடுத்துவிட்டு, பையை எடுத்துக்கொண்டு வெளியே போய் நின்றார்.

"எத்தினி நாளா மாமா?" என்று அறவாழி கேட்டார்.

ஹேமநாத் அந்த இரண்டு விசைகளையும் விரலால் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். அறவாழி அவர் தோளைத் தொட்டார். "நீங்க இனிமே எதுவும் பார்க்க வேணாம் மாமா. சும்மா வந்து ஒக்காந்துகினு இருங்க. சம்பளம் அது பாட்டுக்கு வரும்."

அன்பாகத்தான் சொன்னார். அதைவிடக் கடுமையாக ஒன்றைத் தேடிச் சொல்லியிருக்க முடியாது. நிஷாவுக்கு அது புரிந்திருக்கவேண்டும். வேண்டாம், பெரிய மாமாவே பார்க்கட்டும், பெரிய மானிட்டர் ஒன்று வாங்கிவிடலாம் என்று குறுக்கே சொன்னாள். மன்னிப்புக் கேட்கிற குரலில், "நிறத்தை மட்டும் நான் இன்னொரு வாட்டி பார்த்துக்கறேன்" என்றாள்.

மறுநாள் காலை ஹேமநாத் வழக்கம்போல எல்லாருக்கும் முன்னால் வந்தார். மெயிலைத் திறந்தார். எழுத்து, தான் வைத்த இடத்தில், வைத்த அளவில் இருந்தது. அவர் சந்தோஷப்பட்டதாகத் தெரியவில்லை. காலையில் செய்துகொண்டிருந்த அந்த வேலை இல்லாமல், கை சும்மா மேஜைமேல் கிடந்தது. சேலை பார்க்க வந்தவர்கள் திரையைப் பார்த்தார்கள். ஒரு குழந்தை ஒவ்வொரு எழுத்தாகச் சத்தமாகப் படித்தது. அதன் அம்மா அதட்டி இழுத்துக்கொண்டு போனாள். ஹேமநாத் அன்று வந்த கடிதங்களையெல்லாம் பிழையில்லாமல் படித்துச் சொன்னார். ஒவ்வொன்றையும் நிஷா தன் போனில் ஒருமுறை பார்த்துக்கொண்டாள்.

சில நாள் கழித்துப் புதிய மானிட்டர் வந்தது. அன்புச்செல்வன் காலையில் வந்து பொருத்துவதாகச் சொல்லியிருந்தார். பெட்டி பிரிக்காமல் மேஜைக்கடியில் இருந்தது.

அன்று மாலை வெயில் தாழும் நேரத்தில் ஹேமநாத் அமைப்புகளுக்குள் போனார். கடிதத்தின் அடியில் வருகிற தன் பெயரை எடுத்துவிட்டு, நிஷாவின் பெயரை அடித்தார். மறைத்த பத்திகளைத் திரும்பக் கொண்டுவந்தார். கடிதம் திறக்கிற பகுதியைப் பழைய இடத்துக்குத் தள்ளினார். எழுத்தைக் கடைசியாக வைத்துக்கொண்டார். ஒவ்வொரு படியாக இறக்கினார், நடுவில் எங்கும் நிற்காமல், அவருக்கே தெரியாமல் போகிறவரை. பிறகு அன்புச்செல்வன் காட்டிக்கொடுத்த இரண்டு விசைகளைச் சேர்த்து அழுத்தினார். மெயில் முறைப்படி மூடிக்கொண்டது.

மூக்குக்கண்ணாடியைப் பெட்டியில் வைத்தார். வாசலில் சுவிட்சுக்குக் கை தூக்கி நின்றிருந்த அறவாழியிடம், "இழுத்துடு" என்றார்.

அதன்பின் அவர் கடைக்கு வரவில்லை. அறவாழி வீட்டுக்குப் போய்க் கேட்டார். ரத்னாவதியும் கேட்டாள். கோபமா என்றதற்கு இல்லை என்று தலையசைத்தார். அவர் மூடிவிட்டுப் போனதற்கு மறுநாள் காலை நிஷா மெயிலைத் திறந்தபோது, எழுத்து சின்னதாக, அவர் வைத்தபடியே இருந்தது.