நீர்க்காகமும் தண்ணி லாரியும்

தங்கவயல் சாம்பியன் ரீப்ஸில் எங்கள் லைன் வீடுகளுக்குக் குழாய்த் தண்ணீர் அதுக்குத் தோன்றியபோதுதான் வரும். அதனால் காலையில் எழுந்ததும் முதல் வேலை ட்ரம்முக்குள் எட்டிப் பார்ப்பது. சுரங்கத்தில் இருந்து ஓய்வு பெற்ற என் மாமனார், ட்ரம்மின் உள்பக்கம் ஆணியால் கோடு கிழித்து, பூமிக்கடியில் இருக்கிற மாதிரியே மேலிருந்து கீழாக லெவல் போட்டு வைத்திருக்கிறார். "நாலாவது லெவலுக்கு எறங்கிடுச்சு" என்றால் அன்றைக்கு யாருக்கும் தலைக்குக் குளியல் கிடையாது. லெவலைப் பார்த்துக் கூவுவது என் மகள். அவளைத் தூக்கிப் பிடிப்பது நான்.

போன வருஷம் என் கொழுந்தனுக்குக் கல்யாணமாகி, இந்த வீட்டுக்கு ஓரகத்தி வந்து சேர்ந்தாள். பேத்தமங்களாவில் ஏரியைப் பார்த்தே வளர்ந்தவள். குழாயடியில் குடத்தோடு காத்திருக்கும்போது என் மகளோடு ஒரு விளையாட்டு ஆரம்பித்தாள். பேரில் தண்ணீர் இருக்கிற எதையாவது மாற்றி மாற்றிச் சொல்ல வேண்டும். நீர்க்கோழி, நீர்முள்ளி, தண்ணிப் பாம்பு, தண்ணீர்விட்டான் கிழங்கு என்று அவள் வாயைத் திறந்தால் மூடுவதில்லை. ஒவ்வொன்றுக்கும் ஒரு கதை வேறு. நீர்க்காகம் முங்கி எழுந்து, றெக்கையை விரித்து வெயிலில் காயவைக்குமாம். என் மகள் வாயைப் பிளந்துகொண்டு கேட்பாள்.

சும்மா இருக்க முடியாமல் ஒருநாள் நானும் நுழைந்தேன். "தண்ணி லாரி" என்றேன்.

"அதுக்கு இன்னா கதைம்மா கீது?" என்றாள் மகள். குழாயடியே சிரித்தது. ஓரகத்தி மட்டும் சிரிக்கவில்லை. "லாரி வரலன்னா நம்ம கதி இன்னா? அக்கா சொன்னது சரிதான்" என்று எனக்குப் பரிந்து பேசினாள். அவளும் சிரித்துத் தொலைத்திருந்தால் தேவலை.

எனக்கு வயிறு எரிந்தது. மறைப்பானேன்? லெவல் பார்க்கக் கூப்பிட்டால், "தாத்தா பாக்கட்டும்மா" என்று சொல்லிவிட்டு மகள் சித்தியின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு போக ஆரம்பித்தாள்.

லீவு விட்டதும் ஓரகத்தி தாய்வீட்டுக்குக் கிளம்பினாள். மகளும் கூடவே கிளம்பிவிட்டாள். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே துணிமணி எடுத்து வைத்தேன். பையின் அடியில் இரண்டு பெரிய பாட்டில் தண்ணீரும் வைத்தேன். தங்கவயல்காரர்கள் வெளியூர் போனால் தண்ணீர் இல்லாமல் வாசல்படி தாண்ட மாட்டோம். இந்த ஊருக்கே தண்ணீர் அனுப்பிய ஊருக்குத்தான் போகிறார்கள் என்பது எனக்கு உறைக்கவே இல்லை.

"ஏரிக்கே தண்ணியாக்கா?" என்றாள் ஓரகத்தி. ஆனாலும் பாட்டில்களை எடுத்து வெளியே வைக்காமல், பஸ் ஸ்டாண்டு வரைக்கும் அந்தக் கனத்தை அவளே சுமந்தாள். அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை.

தினமும் நான்தான் போன் போட்டேன். மகள் தானாகக் கூப்பிடவில்லை. நீர்க்கோழி குஞ்சுகளைக் கூட்டிக்கொண்டு போனதைப் பற்றியே மூச்சுவிடாமல் பேசினாள். நேற்று எனக்குத் தாங்கவில்லை.

"நீ இல்லாம வீடு வெறிச்சுன்னு கீது. வந்துடறியா?" என்று கேட்டுவிட்டேன்.

போனைக் கையால் பொத்திக்கொண்டு சித்தியிடம் ஏதோ கேட்டாள். பிறகு சந்தோஷமாகச் சொன்னாள்: "அம்மா, உன்னையும் இங்க வரச் சொல்றாங்க சித்தி. வாம்மா, நான் உனக்கு எல்லாத்தையும் சுத்திக் காட்டறேன்."

என் பெண்ணைப் பார்க்க என்னையே விருந்தாளியாகக் கூப்பிடுகிறார்கள்.