சத்தம் போடாத கை

மின்கம்பி வேலைக்காரர்களைக் கூடையில் வைத்து உயரே தூக்கும் வண்டிகளைச் சோதிப்பவரைப் பணிமனையில் எல்லோரும் காதுக்காரர் என்றே அழைத்தார்கள். அந்த வண்டியின் நீண்ட கை, கண்ணாடி இழையை அடுக்கடுக்காகப் பசையில் ஒட்டிச் செய்தது. உள்ளே அடுக்கு விட்டுப்போனாலும் வெளிப்பூச்சு பளபளவென்றுதான் இருக்கும். ஆனால் பாரம் கட்டி இழுத்தால், பிரிகிற இடம் நுணுக்கமாக நொறுங்கும். கையில் ஒட்டிய உணரிகளின் வழியாக அவர் தன் பெட்டியில் கேட்பது அந்த நொறுங்கலைத்தான்.

"ஊர்ல இருக்கற கட்டையெல்லாம் பேசறது மாமாவுக்குக் கேக்கும். எங்க அக்கா பேசறது மட்டும் கேக்காது" என்பான் மச்சினன். அந்தக் கூடைகளில் ஏறுகிறவன் அவன். அன்று காலை சோதனையில் தேறிய வண்டியையும் அவன்தான் கொண்டுபோயிருந்தான்.

மதியம் சாப்பிட்டுக் கை கழுவும்போது, சோதனைப் பாரத்தைக் கட்டும் கொக்கியில் தொங்கிய நைலான் பட்டை காதுக்காரர் கண்ணில் பட்டது.

பெட்டியை ஆன் செய்வதற்கு முன்பே ஒருமுறை முழுப் பாரத்துக்கும் இழுத்து, பாரம் கட்டும் சங்கிலியை இறுக்கிவிடுவது அவர் வழக்கம். சங்கிலி உட்காரும் சத்தம் சோதனையில் கலக்கக் கூடாதே. இன்று காலையும் அப்படித்தான் இழுத்தார். 'டக்' என்றது. சங்கிலிதான் என்று விட்டுவிட்டார். ஆனால் சங்கிலியை நேற்றே கழற்றிப் பட்டை மாட்டியாயிற்று. பட்டைக்கு ஏது சத்தம்?

ஒருமுறை தாங்கிய பாரத்துக்கு இந்தப் பொருள் மறுமுறை அநேகமாக வாய் திறக்காது. சொல்ல வேண்டியதையெல்லாம் கேட்க ஆளில்லாதபோது சொல்லி முடித்துவிட்டது. அதற்குப் பின் வந்த மௌனத்துக்குத்தான் அவர் கையெழுத்துப் போட்டிருந்தார்.

மச்சினனுக்குப் போன் செய்தார். யாரும் எடுக்கவில்லை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஸ்கூட்டரை விரட்டினார்.

வேலை நடந்த இடத்தில் மச்சினன் ஏறிய கூடை கம்பிகளுக்கு நடுவே நின்றது. அவர் ஓடிவந்த வேகத்தைப் பார்த்த ஓட்டுநர், "இறக்கிடவா சார்?" என்றார்.

"எதையும் தொடாதீங்க! அசைச்சா கை முறிஞ்சாலும் முறியும்!"

உணரியை வண்டிக் கையின் மடிப்பருகே ஒட்டி, ஹெட்போனை மாட்டினார். ஆடாமல் நிற்கிற கை அமைதியாக இருக்க வேண்டும். அதுவோ சூடான சட்டியில் விழுந்த உப்பாகப் பொரிந்துகொண்டிருந்தது. உள்ளே அடுக்குகள் இன்னும் பிரிந்துகொண்டிருந்தன.

"கட்டை என்ன சொல்லுது மாமா?" மேலிருந்து குரல் வந்தது.

"அசையாத மாப்ள. இருமக்கூட இருமாத."

சிரிக்கத் தொடங்கியவன் பாதியில் நிறுத்தினான். "அக்காகிட்ட சொல்லிடாதீங்க."

மின்சாரத்தை நிறுத்தச் சொல்லி, ஏணி வண்டியை அனுப்பச் சொல்லி, ஓட்டுநர் போனில் கெஞ்சிக்கொண்டிருந்தார். காதுக்காரருக்குச் செய்ய ஒன்றுமில்லை, கேட்பதைத் தவிர. ஒவ்வொரு பொரிதலும் அவர் பல்லில் இறங்கியது. ஒருவழியாக ஏணி சாய்ந்தது. மச்சினன் ஒரு காலை எடுத்து வைத்தான், பிறகு மறு காலை. பாரம் விலகியதும் கை லேசாக மேலெழுந்தது. பொரிதல் அடங்கியது.

"கழட்டுங்க மாமா, வந்துட்டேன்" என்று தோளைத் தொட்டான்.

அவர் ஹெட்போனைக் கழற்றவில்லை. இந்த அமைதியை இனி எதற்குச் சாட்சியாக வைப்பது? முன்கூட்டி இழுத்துவிடும் வழக்கம் இன்று பிறந்ததல்ல.

"மாப்ள, நான் பாஸ் பண்ண மத்த வண்டியெல்லாம் இப்ப எங்க?"

முதல்முறையாக அவனிடம் கேலி இல்லை.

"வேலையிலதான் மாமா. எல்லாத்துலயும் ஆள் மேல நிக்கறாங்க."