பாறை இடுக்கில் ஞானேந்திரன்

ஞானேந்திரன் மொன்றியல் துறைமுகத்தில் கொன்டெய்னர் ட்ரக் ஓட்டுகிறவர். வயது நாற்பத்தெட்டு. வரிசையில் மணிக்கணக்காக நின்று பெட்டியை ஏற்றுவதும், இறக்கிவிட்டு வந்து மறுபடி வரிசையில் நிற்பதும்தான் வேலை. மூன்று வருடங்களுக்கு முன், யூலை முதலாம் தேதி ஊரே வீடு மாறும் அமளியில், நகரின் வடக்கே மொன்றியல்-நோரில் அவர் குடியிருந்த கட்டடத்தில் ஒரு குடும்பம் தங்கள் லாப்ரடோர் குட்டியை விட்டுவிட்டுப் போய்விட்டது. அவர் அதைத் தூக்கிக்கொண்டு வந்தார். கறுவாப்பட்டை நிறத்தைப் பார்த்து மனைவி அஜிதா கறுவா என்று பெயர் வைத்தாள். இந்த நாய்க்கு ஏதாவது வேலை கொடுக்காவிட்டால் வீட்டைக் கடித்தே முடித்துவிடும் என்று மிருக வைத்தியர் சொல்லப்போய், காட்டில் தொலைந்தவர்களைத் தேடும் தொண்டர் குழு ஒன்றில் அவரும் கறுவாவும் சேர்ந்தார்கள்.

கறுவா பரீட்சையில் இரண்டு தடவை தோற்றது. தேடச் சொன்னால் உற்சாகமாகக் கிளம்பும்; வழியில் முயல் வாசம் வந்தால் அதன் பின்னால் போய்விடும். தேறாத நாயின் சொந்தக்காரருக்குக் குழுவில் பெரும்பாலும் ஒரே வேலைதான். மற்ற நாய்களின் பயிற்சிக்காக, தொலைந்தவர்போல ஒளிந்து கிடக்க வேண்டும். ஞானேந்திரன் அதில் கெட்டிக்காரர். இரண்டு மணி நேரம் தும்மாமல், அசையாமல் கிடப்பார்.

அஜிதாவுக்கு அது விளங்கவில்லை. “கிழமை முழுக்க ட்ரக்குக்குள்ள அடைபட்டுக் கிடக்கிறியள். லீவு நாளிலயும் போய்ப் பத்தைக்குள்ள கிடக்க வேணுமே?” என்று ஒரு நாள் கேட்டாள். அவர் கறுவாவின் சங்கிலியை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

சென்ற ஒக்டோபரில் ஒரு சனிக்கிழமை, நகரத்துக்கு வடக்கே மலைக்காட்டில் பயிற்சி. அவருடைய கார் திருத்தத்துக்குப் போயிருந்ததால் குழுவின் வான் வண்டியில் போனார். கறுவாவை வானின் பின்பக்கக் கூட்டில் விட்டுவிட்டு, கால்மணி நேரம் நடந்து, இரண்டு பாறைகளுக்கு நடுவே இருந்த இடுக்கில் இறங்கினார். ஈர இலைகளுக்கு அடியில் ஒரு கல் புரண்டது. இடது கால் முழங்கால்வரை உள்ளே போக, கல் அதன்மேல் சாய்ந்து இறுகியது. கையிலிருந்த வோக்கி-டோக்கி நழுவி இன்னும் ஆழத்தில் விழுந்தது.

வலிக்கு முன் வெட்கம்தான் வந்தது. நாய் வந்து காட்டிக்கொடுக்கும்போது எல்லோரும் சிரிக்கப் போகிறார்கள் என்று நினைத்தார்.

சற்று நேரத்தில் காலுக்குக் கீழேயிருந்து வோக்கி பேசியது. குழுத்தலைவி பிரான்சினின் குரல். பயிற்சியை நிறுத்தும்படியும், காளான் பறிக்கப் போன முதியவர் ஒருவரை உண்மையாகவே காணவில்லை என்றும், எல்லோரும் உடனே வாகனங்களுக்கு வரவேண்டும் என்றும் சொன்னாள். பிறகு அவர் பெயரைச் சொல்லி, கேட்டதா என்றாள். அவர் கத்தினார். பொத்தானுக்குக் கை எட்டவில்லை. அந்த நேரம் வேறு யாரோ பிரெஞ்சில் “உய்”, ஆம், என்றான். பிரான்சின் அதை அவருடைய பதிலென்று எடுத்துக்கொண்டாள்.

கைபேசிக்கு அந்தக் காட்டில் தொடர்பு இல்லை; கழுத்தில் தொங்கிய விசிலை ஊதினார். வாகனங்களின் கதவுகள் அடிபடும் சத்தம் தூரத்தில் கேட்டது. பிறகு வோக்கியின் இரைச்சலும் ஓய்ந்தது.

இடுப்புப் பட்டியைக் கழற்றிக் கல்லில் கொளுவி இழுத்துப் பார்த்தார். கிடைத்த தடியால் நெம்பினார், தடி முறிந்தது. அசையும்போதெல்லாம் கல் இன்னும் இறுகியது. உள்ளாடைவரை ஈரம் ஊறியது. இருபது வயதில், பலகை ஏற்றிய லொறியின் அடித்தட்டில் பதினொரு பேரோடு ஒளிந்து ஓர் எல்லையைக் கடந்தவர் அவர். அசையாமல் கிடக்கப் பழகியது அங்கேதான். அஜிதாவுக்கும் அதைச் சொன்னதில்லை. அன்றைக்குப் பக்கத்தில் கிடந்தவர்களின் மூச்சாவது கேட்டது. இங்கே தன் மூச்சு மட்டும்தான். அது வரவரக் கட்டையாவதை அவரே கேட்டுக்கொண்டிருந்தார்.

நாற்பது நிமிட ஓட்டத்துக்கு அப்பால் பிரான்சின் வானின் பின்கதவைத் திறந்தாள். கறுவா கூட்டுக்குள் நின்று விடாமல் குரைத்தது. இதன் ஆள் எங்கே என்று கேட்டாள். மற்ற வண்டியில் வருவதாக நினைத்தோம் என்றார்கள் வானில் வந்தவர்கள். உங்களோடு வந்தாரென்று நினைத்தோம் என்றார்கள் மற்ற வண்டியில் வந்தவர்கள்.

பிரான்சினும் இன்னும் இரண்டு பேரும் வானைத் திருப்பிக்கொண்டு வந்தார்கள். தேர்ந்த நாய்கள் முதியவரைத் தேடப் போய்விட்டதால் மிஞ்சியது கறுவா மட்டுமே. அதற்கோ தமிழ்க் கட்டளை மட்டும்தான் தெரியும். அவர் “தேடு” என்று சொல்வதைப் பல தடவை கேட்டிருந்த பிரான்சின், “தெது, கறுவா, தெது” என்றாள். நாய் ஒருகணம் அவள் முகத்தைப் பார்த்தது. பிறகு மூக்கை உயர்த்திக்கொண்டு காட்டுக்குள் போனது. அன்று அது எந்த முயலின் பின்னாலும் போகவில்லை.

மாலை வெயில் மரங்களின் உச்சிக்கு ஏறியிருந்தபோது, இடுக்கின் விளிம்பில் நின்று கறுவா குரைத்தது. பிரான்சின் முழங்காலில் நின்று அவர் கையைப் பிடித்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டாள். அவர் முதலில் கேட்டது அந்த முதியவரைப் பற்றித்தான். இன்னும் கிடைக்கவில்லை என்றாள். தன்னால்தான் மூன்று பேர் அங்கே குறைவு என்ற எண்ணம், கல்லைப் புரட்டிக் காலை எடுத்த பிறகும் அவரைவிட்டுப் போகவில்லை. மறுநாள் காலை முதியவரை உயிரோடு கண்டுபிடித்தார்கள் என்று கேட்ட பிறகுதான் ஆஸ்பத்திரியில் அவருக்குச் சாப்பாடு இறங்கியது.

கால் முறிந்து எட்டுக் கிழமை வீட்டில் இருந்தார். ஒரு மத்தியானம், சோறு போட்டுக்கொண்டிருந்த அஜிதாவிடம் லொறிக் கதையைத் தொடக்கம் முதல் சொன்னார். அவள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்து கேட்டாள்.

“இவ்வளவு நாளும் ஏன் சொல்லேல்ல?”

“சொன்னால் திரும்பவும் அதுக்குள்ள போய் இருக்கிற மாதிரி வரும்.”

“இப்ப?”

“இப்பவும் அப்பிடித்தான். ஆனா நீர் பக்கத்தில இருக்கிறீர்.”

வசந்தத்தில் கறுவா பரீட்சையில் தேறியது. பிரான்சின் அவரை மறுபடி ஒளிந்துகொள்ளக் கேட்கவில்லை, கேட்டாலும் போகமாட்டார். பயிற்சி முடிந்ததும் ஒளிந்தவர்களின் பெயர்களை அவரே உரக்க வாசிப்பார். ஒவ்வொருவரும் நேரில் வந்து நிற்கும்வரை எந்த வாகனத்தையும் கிளப்பவிடுவதில்லை.