அட்டைப்படத்து அக்கா

நாங்கள் புலம்பெயர்ந்து வந்த ஹொல்ஸ்டெப்ரோ நகரத்து வீட்டுக் குசினியில் என் மகள் கறுப்பு மைப் போத்தலைத் திறந்தாள். அந்த நெடி மூக்கில் ஏறியதும் அப்பாவின் மேசை கண்முன் வந்துவிட்டது.

யாழ்ப்பாணத்தில் சித்திரக்கதைகள் வரத் தொடங்கிய காலத்திலேயே படம் கீறியவர் அப்பா. மர்மக்கதைப் பத்திரிகைகளுக்கு அட்டைப்படமும் அவர்தான். கதாநாயகிக்கு எப்போதும் அக்காவின் முகம். அப்பா கீறும்போது அக்கா கதிரையில் கட்டுண்டவள்போல, நாடியை நிமிர்த்தி இருப்பாள். அவள் முகத்தில் வெளிச்சம் விழ நான் லாம்பைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். கை சுட்டாலும் அசையக்கூடாது.

"உங்கட மூத்தவள் இந்தக் கிழமையும் கள்ளரிட்டை மாட்டுப்பட்டிட்டாள்," என்று கடைக்காரர் அப்பாவிடம் சிரிப்பார். அன்று முழுக்க அக்காவின் நடையே வேறு.

"என்னையும் கீறுங்கோ அப்பா," என்று ஒருநாள் அழுதேன். கீறினார். வெள்ளைத் துணியால் மூடிய பிணம். கால் மட்டும் வெளியே தெரிந்தது.

"கால் வடிவாய்த்தான் இருக்கு," என்றாள் அக்கா.

மகள் இப்போது ஓகூஸ் நகரத்தில் சித்திரக்கதை வரையப் படிக்கிறாள்; விடுமுறைக்கு வீட்டுக்கு வந்திருந்தாள். அவள் முன்னால் சாய்த்து வைத்த போனில், வைலே நகரத்திலிருந்து வீடியோவில் அக்கா. தலை நரைத்தும் அதே நாடி நிமிர்வு.

"பெரியம்மாதான் என் கதாநாயகி," என்று மகள் டேனிஷில் சொன்னாள். காரியம் ஆகவேண்டும் என்றால் மட்டும் அவளுக்குத் தமிழ் வரும்.

"அம்மா, தாளில நிழல் விழுது. லைட்டைக் கொஞ்சம் பிடியுங்கோ."

பிடித்தேன். மைப் போத்தல் என் முழங்கைக்குப் பக்கத்தில் மூடாமல் இருந்தது.