வருஷத்துக்கு ஒருமுறை செத்துப்போன எட்வின்

மாவட்டச் செய்தியாளர் வேலை என்பது, எழவு வீட்டுக்குள் செருப்பைக் கழற்றாமல் நுழைந்து, "இப்போ எப்படி உணர்றீங்க?" என்று கேட்கிற வேலை. என்னைப் போல மைக் பிடித்துப் பிழைத்தவர்களுக்கும், அதை வீட்டில் உட்கார்ந்து பார்த்துத் தொலைத்தவர்களுக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன். பட்டவர்களுக்குத்தான் இது புரியும்.

நான் ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்துக்காரன். சென்னையில் இருக்கும் ஒரு செய்தி சேனலுக்குப் பன்னிரண்டு வருஷம் ஸ்ட்ரிங்கராக இருந்தேன். ஸ்ட்ரிங்கர் என்றால், சேனலின் பெயர் போட்ட மைக் நம் கையில் இருக்கும், நம் பெயர் சேனலில் யாருக்கும் தெரியாது. செய்தி டெஸ்க்கில் என்னை "விருதுநகர்" என்றுதான் கூப்பிடுவார்கள். "விருதுநகர், சாப்பிட்டியா?" என்று ஒருநாளும் கேட்டதில்லை. "விருதுநகர், விஷுவல் எங்க?" என்று கேட்காத நாளும் இல்லை.

கையில் குழந்தை வைத்திருந்தவர்

பதினோரு வருஷத்துக்கு முன்னால், வடக்கே ஒரு பெரிய ரயில் நிலையத்தில் பயங்கரவாதிகள் தாக்குதல் நடத்தினார்கள். செத்தவர்களில் ஒருவர் ராஜபாளையத்துக்காரர், பெயர் சாமுவேல். பேண்டேஜ் துணி தயாரிக்கிற ஒரு சின்னக் கம்பெனியில் சேல்ஸ் வேலை. சாம்பிள் பெட்டியோடு ஊருக்குத் திரும்ப ரயிலுக்குக் காத்திருந்தவர். தகவல் வந்த அரை மணி நேரத்தில் என் பைக் அவர் வீட்டு வாசலில் நின்றது. உள்ளே அவர் மனைவி எஸ்தர் அக்கா மயங்கிக் கிடக்கிறார். சுற்றிலும் ஒரே அழுகை. என் காதில் டெஸ்க் கத்துகிறது, "போட்டோ! போட்டோ!"

ஷோகேஸ் மேல் ஒரு படம் இருந்தது. அவர்கள் குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுத்த அன்று சர்ச் வாசலில் எடுத்தது. நடுவில் எஸ்தர் அக்கா, இரண்டு பக்கமும் ஒவ்வொரு ஆண். ஒருவர் கையில் குழந்தை. குழந்தையை வைத்திருப்பவன் அப்பனாகத்தான் இருப்பான் என்று நானே தீர்ப்பு எழுதி, அந்த முகத்தை மட்டும் செல்லில் பிடித்து அனுப்பினேன். யாரிடமாவது ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். தாய்மாமன் என்று ஒரு ஜாதி உண்டு, குழந்தைக்கு ஒரு விசேஷம் என்றால் அவர்தான் தூக்கி வைத்துக்கொள்வார் என்பது, இந்த மண்ணில் பிறந்து, மாமன் மடியில் உட்கார்ந்து காது குத்திக்கொண்ட எனக்கு அந்த நேரத்தில் தோன்றவே இல்லை. மூன்றாவது நிமிஷம் டிவியில் படம் வந்துவிட்டது. மற்ற சேனல்களும் அதையே எடுத்துப் போட்டன. டெஸ்க்கிலிருந்து வாழ்க்கையில் முதல் முறையாகப் பாராட்டு வந்தது: "சூப்பர் விருதுநகர், நாமதான் ஃபர்ஸ்ட்!"

மூன்று தடவை

நான் சாகடித்த அந்தத் தாய்மாமன் எஸ்தர் அக்காவின் தம்பி, எட்வின். ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் வத்திராயிருப்புக்கும் ஓடுகிற ஒரு பிரைவேட் பஸ்ஸில் கண்டக்டர். தாக்குதல் நடந்த வாரத்தில் வீடு இருந்த நிலையில் டிவியில் என்ன வந்தது என்று பார்க்க அவர்களுக்கு நேரமில்லை. முதலாம் ஆண்டு நினைவுநாளில்தான் விஷயம் வெளியே வந்தது. கறுப்புத் திரை, பின்னால் இழுத்து இழுத்து ஒரு வயலின், சிவப்பு எழுத்தில் "ஆறாத ரணம்", அதற்குக் கீழே வட்டத்துக்குள் எட்வினின் முகம், பக்கத்தில் கம்ப்யூட்டரில் வரைந்த மெழுகுவத்தி. எனக்கே கண் கலங்கிவிட்டது.

மறுநாள் காலை ஒரு அம்மா பஸ்ஸில் ஏறி, டிக்கெட் கேட்டு வந்த ஆளை நிமிர்ந்து பார்த்து, கூடையைக்கூட எடுக்காமல் இறங்கி ஓடியிருக்கிறது. எட்வின் பஸ் ஸ்டாண்டில் என்னைப் பிடித்துக்கொண்டார். அடிக்கப் போகிறார் என்றுதான் நினைத்தேன். அவர் அடிக்கவில்லை, என் சட்டைப் பையில் இருந்த பேனாவைச் சரிசெய்து வைத்துவிட்டுக் கேட்டார்: "ஏலே, நேத்து மட்டும் என்னைய மூணு தடவ கொன்னுருக்க. காலையில எட்டு, மத்தியானம் ஒண்ணு, ராத்திரி ஒம்பது. நான் எப்பம்லே டூட்டி பாக்க?"

குத்துவிளக்கு

அடுத்த வருஷம் மாற்றிவிடுகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். மாற்ற வேண்டுமானால் படம் தப்பு என்று சொல்ல வேண்டும். சொன்னால், அனுப்பியது யார் என்று கேட்பார்கள். மைக் போய்விடும். மைக் இருந்தால் தாலுகா ஆபீஸில் நாற்காலி போடுவார்கள், இல்லையென்றால் வாசலில் வரிசையில் நிற்க வேண்டும். அந்த நாற்காலிக்காக வாயை மூடிக்கொண்டேன், வேறு பெரிய காரணம் ஒன்றும் இல்லை.

இரண்டாம் ஆண்டு டெஸ்க்கிலிருந்து உத்தரவு: படத்துக்கு மாலை போட்டு, குத்துவிளக்கு ஏற்றுகிற மாதிரி விஷுவல் வேண்டும். எஸ்தர் அக்கா, "எங்க வீட்டுல அந்தப் பழக்கம் இல்ல தம்பி, நாங்க ஜெபம்தான் பண்ணுவோம்" என்றார். ஜெபம் விஷுவலாக வராது என்று டெஸ்க் சொல்லிவிட்டது. பக்கத்து வீட்டு ராஜம்மாவிடம் குத்துவிளக்கு கடன் வாங்கி, பூக்கடையில் மாலை வாங்கி, நானே திரியும் போட்டேன். எஸ்தர் அக்கா ஏற்றினார். பிறகு பைபிளுக்குள்ளிருந்து ஒரு பாஸ்போர்ட் சைஸ் படத்தை எடுத்து என் முன்னால் நீட்டினார். சாமுவேல். "நீங்க சொன்னதெல்லாம் செஞ்சிட்டேன். இந்த வருசமாவது அவிய மொகத்தக் காட்டிருங்க தம்பி." நானும் படம் பிடித்து அனுப்பினேன். டிவியில் விளக்கு வந்தது, மாலை வந்தது, அக்காவின் கை வந்தது, முகம் மட்டும் பழைய கோப்பிலிருந்து எட்வின் முகமாகவே வந்தது. விளக்கைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது ராஜம்மா வாசலிலேயே நின்றிருந்தார்: "ஏமய்யா, எங்க வீட்டு வெளக்கு பளிச்சுன்னு தெரிஞ்சுது. ஆளுதான் மாறிப்போச்சு."

அழுகை போதவில்லை

நாலாம் வருஷத்துக்குள் எஸ்தர் அக்காவுக்கு என் தொழில் முழுதும் பழகிவிட்டது. கணவர் வேலை பார்த்த அதே கம்பெனியில் இப்போது அவர் பேண்டேஜ் மடித்து பேக்கிங் செய்கிறார். நினைவுநாளன்று இரண்டு மணி நேரம் பெர்மிஷன் போட்டுவிட்டு, நான் போவதற்கு முன்பே நாற்காலியை ஜன்னல் பக்கம் திருப்பிப் போட்டிருப்பார். மிக்ஸி போடாதீர்கள் என்று அக்கம்பக்கத்தில் சொல்லியும் வைத்திருப்பார். நான் மைக்கை நீட்டினால் சட்டையில் குத்துகிற சின்ன மைக் கொண்டுவரவில்லையா என்று கேட்பார்.

அந்த வருஷம் நிதானமாக, தெளிவாகப் பேசினார். சாமுவேல் வடக்கே கிளம்பிய அன்று என்ன சட்டை போட்டிருந்தார், குழந்தைக்கு என்ன வாங்கி வருவதாகச் சொன்னார் என்றெல்லாம். அனுப்பிய ஐந்தாவது நிமிஷம் டெஸ்க் கூப்பிட்டது: அழுகை கம்மி, இன்னொரு டேக். "அக்கா, கொஞ்சம்..." என்று இழுத்தேன். அவர் புரிந்துகொண்டு, கோபமே இல்லாமல் சொன்னார்: "அழுகைய காலையில நாலு மணிக்கே முடிச்சிட்டேன் தம்பி. நீங்க பதினோரு மணிக்கு வந்து கேட்டா எங்கிட்டுப் போவேன்?"

ஒன்று இரண்டானது

ஆறாம் ஆண்டு எனக்குப் பாதி தைரியம் வந்தது. பழைய படம் தப்பு என்று சொல்லாமல், சாமுவேல் படத்தை மட்டும் அனுப்பி, "புதிய படம், இதையே பயன்படுத்தவும்" என்று குறிப்பு எழுதினேன். இப்படிச் செய்தால் பாம்பும் சாகும், கம்பும் தப்பும் என்கிற மாதிரி ஒரு கெட்டிக்காரத்தனம். அன்று மதியம் சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்து டிவியைப் பார்த்தேன். வயலின் இழுத்தது. வட்டத்துக்குள் எட்வின். பக்கத்தில் இன்னொரு வட்டம் வந்தது, அதற்குள் சாமுவேல். கீழே பெரிய எழுத்தில், "ராஜபாளையம் இழந்த இரு உயிர்கள்". சாம்பார் வாளியோடு நின்ற ஆள் உச்சுக்கொட்டினார். உடனே என் ஃபோன் அடித்தது. டெஸ்க்கில் ஒரே உற்சாகம்: "என்ன விருதுநகர், ரெண்டாவது ஆள ஆறு வருஷமா ஏன் சொல்லல? அவர் வீட்டுக்கும் போய் ஒரு பேட்டி எடு!"

ஜாய்ஸின் கேள்வி

இரண்டாவது ஆளின் வீடு கிடைக்கவில்லை என்று நான் மழுப்ப, அடுத்த வருஷமே சாமுவேலின் வட்டத்தைத் தூக்கிவிட்டு எட்வினை மட்டும் வைத்துக்கொண்டார்கள். இதுவரை உங்களோடு நானும் சிரித்துவிட்டேன். இதற்குச் சிரிக்க முடியாது. ஞானஸ்நானப் படத்தில் இருந்த குழந்தை ஜாய்ஸ் நாலாம் வகுப்புக்கு வந்துவிட்டாள். அப்பா என்ன செய்கிறார் என்று வகுப்பில் கேட்டிருக்கிறார்கள். இறந்துவிட்டார் என்றிருக்கிறாள். கடைசி பெஞ்சில் இருந்து ஒரு பையன், "பொய் டீச்சர், டிவியில காட்டுற இவ அப்பா எங்க ஊரு பஸ்ஸுல டிக்கெட் கிழிக்காரு" என்று சொல்ல, வகுப்பே சிரித்திருக்கிறது. அதிலிருந்து அவளுக்குப் பொய்க்காரி என்று பட்டப்பெயர். டீச்சர் கூப்பிட்டு விசாரிக்க, எஸ்தர் அக்கா பைபிளில் இருந்த படத்தை எடுத்துக்கொண்டு, தம்பியையும் கூட்டிக்கொண்டு போய்க் காட்டிவிட்டு வந்திருக்கிறார். ஒரு டீச்சருக்குக் காட்டலாம், தெருத்தெருவாகப் போய்க் காட்ட முடியுமா? பெற்ற அப்பனைப் பற்றி உண்மை சொன்ன பிள்ளையைப் பொய்க்காரி ஆக்கியவன் நான். அந்த வருஷம் நான் ட்ரைபாடை விரித்துக்கொண்டிருந்தபோது ஜாய்ஸ் பக்கத்தில் வந்து நின்றாள். சண்டைக்கு வரவில்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்: "அங்கிள், எங்க அப்பா மூஞ்சி டிவிக்குப் பிடிக்கலையா?"

பத்தாம் ஆண்டு

பத்தாம் ஆண்டு என்பதால் சென்னையிலிருந்தே நேரலை வண்டி, தொகுப்பாளினி, கேமராமேன் என்று ஒரு பட்டாளம் வந்தது. வந்ததும் பால்கோவா எங்கே நல்லா இருக்கும் என்றுதான் கேட்டார்கள். வாங்கிக் கொடுத்தேன். எட்டடி உயரத்துக்கு எட்வின் முகம் போட்ட ஃபிளெக்ஸ் ஒன்றும் கொண்டுவந்திருந்தார்கள். அதை எஸ்தர் அக்கா வீட்டு ஹாலில் கட்டினார்கள். ஞாயிற்றுக்கிழமை. டூட்டி மாற்றிவிட்டு வந்த எட்வின் காக்கிச் சட்டையோடு தன் ஃபிளெக்ஸுக்குக் கீழேயே நின்றிருந்தார், ஒருத்தரும் அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. நேரலைக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது, அரைக் கிலோ பால்கோவாவைத் தனியாளாகத் தீர்த்த கேமராமேன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கொல்லைப்புறம் ஓடினார். கேமரா என் தோளுக்கு வந்தது.

தொகுப்பாளினி குரலைத் தாழ்த்தி, "பத்து வருஷம்... எப்படி உணர்றீங்கம்மா?" என்றார். எஸ்தர் அக்கா தம்பியைக் கையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் உட்கார வைத்தார். "இவன் என் தம்பி எட்வின். இந்த பேனர்ல இருக்கது இவந்தான். வருசா வருசம் இங்க சாகுதான், மறுநாள் பஸ்ஸுக்குப் போயிருதான்." பைபிளைத் திறந்து அந்தச் சின்னப் படத்தை எடுத்தார். "இவியதான் சாமுவேல், எங்க வீட்டுக்காரவிய." என் காதில் டெஸ்க் அலறியது, "விருதுநகர், கேமராவத் திருப்பு! திருப்பு!" நான் ஜூமைத் தள்ளினேன். கண்ணாடி, ஏற்றி வாரிய முடி, போட்டோவுக்காக அடக்கிய ஒரு சிரிப்பு. நாட்டில் டிவி வைத்திருந்தவர்கள் எல்லார் வீட்டிலும் அந்த முகம் நிறைந்து நின்றது. பிறகு பொசுக்கென்று குக்கர் விளம்பரம் வந்துவிட்டது.

ஃபோனில் டெஸ்க் கேட்டது, யார் தப்பு இது என்று. முதல் நாள் அந்தப் படத்தை அனுப்பியது நான்தான் என்றேன். பத்து வருஷம் தொண்டையில் கிடந்தது, சொல்வதற்கு இரண்டு மூச்சுகூட ஆகவில்லை. மைக்கைத் தொகுப்பாளினி அங்கேயே வாங்கிக்கொண்டார். எஸ்தர் அக்கா எனக்கு நன்றியும் சொல்லவில்லை, திட்டவும் இல்லை. படத்தைப் புடவையில் துடைத்து பைபிளுக்குள் வைத்தார். ராஜம்மா வீட்டு டிவியில் பார்த்துக்கொண்டிருந்த ஜாய்ஸ் மூச்சு வாங்க ஓடி வந்தாள்: "அம்மா, அப்பா வந்தாக! பதினோரு செகண்டு! நான் எண்ணிட்டேன்!"

இப்போது நான் கல்யாண வீடியோ எடுக்கிறேன், காது குத்துக்குப் போனால் கேமராவை வெளியே எடுப்பதற்கு முன்னால் தாய்மாமன் யார் என்று மூன்று பேரிடம் கேட்டுக்கொள்கிறேன். இந்த வருஷம் அந்த சேனல் ராஜபாளையத்துப் பக்கமே வரவில்லை, எட்வினும் பத்து வருஷத்துக்குப் பிறகு முதல் முறையாகச் சாகாமல் டூட்டி பார்த்தார்.

பன்னிரண்டு வருஷம் மைக் பிடித்ததில் நான் நாட்டுக்குக் காட்டிய உண்மை மொத்தம் பதினோரு செகண்டு, அதற்குத்தான் வேலை போச்சு.