ஹெட்விக் தள்ளிக்கொண்டு போன சைக்கிள்

மோசல் ஆற்றங்கரையில் தங்கும் விடுதி நடத்திய ஹெட்விக்குக்கு, கரையோரமாகப் போகும் சைக்கிள் பாதையில் தெரியாத திருப்பமே கிடையாது. எங்கே எதிர்காற்று, எந்தத் திராட்சைத் தோட்டத்தருகே சரளைக்கல் என்று காலைச் சாப்பாட்டின்போது விருந்தினர்களிடம் கடகடவென்று ஒப்பிப்பாள். எல்லாம் முன்பு தங்கியவர்கள் சொல்லக் காதில் வாங்கியதுதான். ஐம்பத்தாறு வயதாகியும் அவளுக்குச் சைக்கிள் ஓட்டத் தெரியாது. பிறந்த வீட்டில் ஆறு பிள்ளைகளுக்கு ஒரே சைக்கிள். கடைக்குட்டியான அவள் முறை வருவதற்குள் அது துருப்பிடித்துப் போனது. பிறகு வெளியே சொல்ல வெட்கம். விஷயம் தெரிந்த ஒரே ஆள் கணவன் எர்வின்.

பதினோரு வருடமாகக் கணவரோடு சைக்கிள் பயணம் வந்துபோகும் டச்சுக்காரி மரைக்கே, ஒரு செப்டம்பர் காலையில் விடுதிப் படியில் கால் பிசகி விழுந்தாள். இருவரும் டாக்ஸியில் பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளியிருந்த கோஹெம் ஊருக்குப் போய் ஓய்வெடுப்பது என்று முடிவாயிற்று. டாக்ஸியில் அவர்களின் இரண்டு சைக்கிள்களில் ஒன்றுக்குத்தான் இடமிருந்தது.

"உங்களுக்கென்ன, முக்கால் மணி நேரத்துல ஓட்டிட்டு வந்துடுவீங்க" என்று மரைக்கே தன் சைக்கிளின் சாவியை ஹெட்விக் கையில் வைத்தாள்.

எர்வின் காபிக் கோப்பைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டான். டாக்ஸி போனதும், தானே கொண்டுபோய்க் கொடுப்பதாகச் சொன்னான். அவளுக்கு ரோஷம் வந்துவிட்டது. "நீ போய் உன் திராட்சைத் தோட்டத்தைப் பாரு."

பன்னிரண்டு கிலோமீட்டரையும் நடந்தே கடக்கத் தீர்மானித்து, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கிளம்பினாள். போகிறவர்கள் சும்மா போனால்தானே? பஞ்சரா என்று ஆளாளுக்கு நின்று கேட்டார்கள். இரண்டு பெண்கள் வாழைப்பழம் கொடுத்துத் தேற்றினார்கள். பவேரியாவிலிருந்து வந்திருந்த ஒரு பெரியவர் மட்டும் விடவில்லை. பஞ்சர்தான் என்று அவள் சொன்னதை நம்பி, சக்கரத்தைச் சுழற்றிப் பார்த்தார்.

"டயர் கல்லு மாதிரி இருக்கு. பிரேக் பிடிக்குது. அப்ப என்னம்மா கோளாறு?"

"கோளாறு எனக்குத்தான். எனக்கு ஓட்டத் தெரியாது."

அவர் சிரிக்கவில்லை. இருக்கையைத் தாழ்த்தி அவளை உட்காரவைத்து, பின்னால் பிடித்துக்கொண்டார். பிடியை விட்டதும் சைக்கிள் நேராகத் திராட்சை வரிசைக்குள் புகுந்தது. பறவைகள் கொத்தாமலிருக்கப் போட்ட வலை அவளைத் தாங்கிக்கொண்டது. முழங்கை வரை பழச்சாறு வழிய, கண்ணில் நீர் வரச் சிரித்தாள். ஐந்தாம் முறை ஒரு வால்நட் மரத்திலிருந்து அடுத்த மரம் வரை தனியாகவே ஓட்டிவிட்டாள்.

பெரும்பாலும் நடந்து, இடையிடையே கொஞ்சம் ஓட்டி அவள் கோஹெம் போய்ச் சேர நான்கு மணி நேரமானது. கவலையோடு காத்திருந்த மரைக்கேயிடம், பதினோரு வருடப் பொய்யையும் சேர்த்து எல்லாவற்றையும் கொட்டினாள்.

மரைக்கே யோசித்தாள். "அப்ப வருஷா வருஷம் ஒரு பேக்கரிக்கு அனுப்புவீங்களே, அது?"

"அதுவும் யாரோ சொன்னதுதான்."

"கேக் செங்கல் மாதிரி இருக்கும். நீங்க வருத்தப்படுவீங்களேன்னு வாங்கித் தின்னுட்டிருந்தோம்."

அடுத்த வசந்தத்தில் ஹெட்விக் சொந்தமாக ஒரு சைக்கிள் வாங்கினாள். இப்போது விருந்தினர்களுக்கு அவள் சொல்லும் வழி இரண்டு கிலோமீட்டரோடு நின்றுவிடும். அதற்கு மேல் தான் முழுதாக ஓட்டிப் பார்த்ததில்லை என்று சொல்லிவிட்டு ரொட்டியை நீட்டுவாள்.