கருவாட்டு வாடை

கல்யாணமாகிப் பதினெட்டு வருஷம் கழித்து என்னைக் கடற்கரைக்குக் கூட்டிப்போனார் என் கணவர். திண்டுக்கல்லில் அவருக்குத் தோல் மண்டி. உப்புப் போட்ட ஆட்டுத்தோல் கட்டுகளுக்கு நடுவில்தான் அவருடைய பகல் கழியும். கிழக்குக் கரையில் ஒரு ரிசார்ட்டில் இரண்டு நாளைக்கு அறை எடுத்திருந்தார். முன்பு அது மீனவர் குப்பம். இப்போது வரவேற்பறையில் ஒரு பழைய படகை நிறுத்தி, அதற்குள் குரோட்டன்ஸ் வளர்க்கிறார்கள். பார்த்ததுமே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அந்தப் படகுக்காரர்கள் சுவருக்கு அந்தப்பக்கம் இருந்தார்கள். மத்தியானம் நடக்கப் போனபோது, என்னைவிடச் சற்று மூத்த ஒரு பெண் மணலில் வலை விரித்து நெத்திலி காயவைத்துக்கொண்டிருந்தாள். ஊரைச் சொன்னேன். அவளுடைய கருவாடு எங்கள் சந்தைக்கும் வருமாம்.

“சுத்தி வேலி போட்டுட்டாங்க தங்கச்சி. காயப்போட இந்தத் துண்டு மணலுதான் மிச்சம். இதுவும் போச்சுன்னா மீனை அழுகவிட வேண்டியதுதான்” என்றாள்.

மறுநாள் சுபுஹு தொழுதுவிட்டு, விடிந்ததும் அங்கே போனேன். ரிசார்ட் காவலாளிகள் இரண்டு பேர் வலையை மீனோடு சுருட்டி எறிந்துகொண்டிருந்தார்கள். அவள் மண் ஒட்டிய நெத்திலியைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். நேராக மேனேஜரிடம் போனேன்.

“அந்த மணலு என்ன உங்க பாட்டன் சொத்தா? ஒரு பொம்பள வயித்துல இப்புடி அடிக்கிறீங்களே” என்று கத்தினேன். உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

மேனேஜர் நிதானமாகச் சொன்னார். “நாங்களா செய்யல மேடம். கருவாட்டு வாடை தாங்கலைன்னு கம்ப்ளெயின்ட். உங்க சார்தான் நேத்து போன் பண்ணார்.”

அறையில் என் கணவர் படுத்துக்கொண்டு செல்போன் பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஆமா, சொன்னேன். இம்புட்டுத் தூரம் வந்து நாத்தத்தையா மோந்துக்கிட்டுக் கெடக்குறது?” என்றார்.

இந்த மனுஷனின் மண்டிச் சட்டையைப் பதினெட்டு வருஷமாகத் தனி வாளியில் ஊறவைத்துத் துவைக்கிறேன். பஸ்ஸில் எவனாவது மூக்கைப் பொத்தினால் சண்டைக்குப் போகிறவர் இவர். வாயில் வந்ததையெல்லாம் கேட்டேன். கடைசியில் எழுந்து, புகார் வேண்டாம் என்று மேனேஜருக்குப் போன் செய்தார்.

“பரவால்ல சார், வேலி போட ஆள் வந்தாச்சு. இனிமே அங்க யாரும் காயப்போட முடியாது” என்று பதில் வந்தது.

அவளைத் தேடிப் போனேன். மண்ணும் மீனுமாக இருந்த கூடையைக் கீழே வைத்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“எனக்காகச் சண்டை போட்டியாமே தங்கச்சி. வாட்ச்மேன் சொன்னான். எந்தப் பாவி போன் பண்ணானாம், கேட்டியா?”

காலையில் அத்தனை சத்தம் போட்ட வாய், “தெரியலக்கா” என்றது.